மேம்பாலத்தில் ஓர் இடம்

எனக்குக் கோபம் சுலபத்தில் வராது, சார். பார்க்கிங் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வரும்.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளின் நீர்மட்டத்தைச் சென்சார் வைத்து அளந்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரே கிளவுடில் ஏற்றி வைத்தவர்கள் நானும் என்னோடு வேலை செய்யும் வெண்ணிலாவும். ஆராய்ச்சியாளரும் பார்க்கலாம், மீன் விற்பவரும் பார்க்கலாம். ஏரி நிரம்பினால் மேப்பில் அந்தப் பகுதி சிவப்பாகும். எல்லார் போனுக்கும் செய்தி போகும். விஞ்ஞானத் தரவுக்குப் பூட்டுப் போடுவது பாவம் என்று மேடை மேடையாகப் பேசியவன் நான். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

போன வருஷ மழையில், செய்தி போன அரைமணி நேரத்தில் பெருங்களத்தூர் மேம்பாலம் முழுக்கக் கார். எங்கள் பக்கத்து ஜனம் வெள்ளம் என்றால் முதலில் காரைத்தான் பாலத்தில் ஏற்றும். செய்தி அனுப்பிவிட்டுப் போன எனக்கு ஒரு முழம் இடமில்லை. என் கார் மூழ்கியது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. இரண்டாம் முறை விழ எனக்கு விருப்பமில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு, பீர்க்கன்கரணை ஏரிக் காவலாளி பக்தி முற்றிப்போய்ச் சென்சாரின் கண்ணிலேயே சந்தனத்தை அப்பிவிட்டார். ஏரி ததும்புகிறது என்று அது காட்ட, காய்ந்து கிடந்த தெருக்களுக்கு வெள்ளச் செய்தி போனது. ஊரே சிரித்தது. அதன்பிறகு, சந்தேகமான அளவை ஒருவர் சரிபார்த்து விடுவிக்கும்வரை வெளியிடக் கூடாது என்று விதி வைத்தோம். எழுதியவன் நானே.

நவம்பரில் ஒரு பிற்பகல், மூன்று மணிக்கு ஏரி விளிம்பைத் தொட்டது. அளவு சரிதான் என்று எனக்குத் தெரியும். ‘சரிபார்ப்பில்’ என்று போட்டேன். மேப்பு பச்சையாகவே நின்றது. கார் சாவியை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன்.

கீழ்வீட்டு ஜெயக்கொடி மீன் கூடையோடு வாசலில் நின்றிருந்தார். “சார், மேப்பு இன்னா சொல்லுது? வூட்டுக்காரரு காலுல மாவுக்கட்டோட படுத்துகினு கீறாரு. மாடிக்குத் தூக்கினு போய்டட்டுமா?”

“பச்சையாத்தாம்மா இருக்கு.”

நான் பொய் சொல்லவில்லை. பச்சையாகத்தான் இருந்தது.

“அப்ப மார்க்கெட்டு வரைக்கும் பூட்டு வந்துர்றேன் சார்” என்று கிளம்பிவிட்டார்.

பாலத்தில் விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் அருமையான இடம் கிடைத்தது. காருக்கு உறை போட்டுக்கொண்டிருந்தபோது வெண்ணிலா போன் செய்தாள். “அண்ணா, பீர்க்கன்கரணை இன்னும் சரிபார்ப்புலயே இருக்கு. ரிலீஸ் பண்ணிடவா?”

“மறுபடி சந்தனம் பூசியிருப்பாங்கம்மா. நானே பார்த்துக்கறேன்.”

அவள் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து மைத்துனருடைய காரையும் ஏற்ற வேண்டியிருந்தது. குடும்பம் என்றால் அதெல்லாம் உண்டு. அளவை விடுவித்தபோது மணி நாலு நாற்பது. நிறுத்தி வைத்தது நான்தான். வெண்ணிலாவுக்கு இதில் பங்கில்லை. வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நாலேகாலுக்கே கீழ்வீட்டில் தண்ணீர் கட்டிலுக்கு மேல் ஏறிவிட்டதாம். ஜெயக்கொடியின் கணவர் குப்புராஜால் எழுந்திருக்க முடியவில்லை. படகுக்காரர்கள் அவரைப் பாலம்வரை கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது நான். வழியிலேயே உயிர் போய்விட்டது. ஜெயக்கொடியின் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை, சார்.

ஆனால் ஒன்றை நீங்களும் யோசிக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் தெருவில் ஓடுகிற நிலையில் இருந்த கார் என்னுடையது ஒன்றுதான். அதையும் நான் காப்பாற்றாமல் விட்டிருந்தால், பாவம், அந்த மனுஷனை யார் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள்?