நிரம்பியே நின்ற தண்ணீர்த் தொட்டி

மேடைமீது வீற்றிருக்கும் அவைத்தலைவர் பெருந்தகை தீர்த்தகிரி அவர்களே, அவரின் இருமருங்கும் அமர்ந்திருக்கும் ஆன்றோர்களே, சான்றோர்களே, அரூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் ஏற முடியாத பேருந்தில் ஏறி, இறங்க முடியாத படியில் இறங்கி, இந்தக் காரிமங்கலத்து மண்டபம் வந்து சேர்ந்திருக்கும் என் தோழமைகளே, சக்கர நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் முன்வரிசையே, ஊன்றுகோல்களை மடியில் கிடத்தியிருக்கும் நடுவரிசையே, வளர்ந்த பிள்ளையை இடுப்பில் சுமந்து வந்து இன்னமும் இறக்கி வைக்காத தாய்மார்களே, உங்கள் அனைவரையும் தமிழாசிரியை லூர்துமேரி தரையிலிருந்து வணங்குகிறேன்.

ஆம், தரையிலிருந்துதான். மேடைக்கு ஐந்து படிகள். என் நாற்காலிக்குப் படியேறத் தெரியாது. விழாக்குழுவினர் நல்லவர்கள், நான்கு பேர் ஓடி வந்தார்கள். "நாற்காலியோட தூக்கிடறோமுங்க டீச்சர்" என்றார்கள். ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக என்னைத் தூக்கியிருக்கிறார்கள். பள்ளிக்குத் தூக்கினார்கள், பேருந்துக்குத் தூக்கினார்கள், ஓட்டுப் போடத் தூக்கினார்கள், என் தாயின் அடக்கத்துக்கும் தூக்கித்தான் கொண்டுபோனார்கள். இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தலைவர் அவர்களே, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. படிகளின்மேல்தான் கோபம்.

யாரோ தண்ணீர்ப் பாட்டிலை நீட்டுகிறீர்கள். நன்றி அம்மா. இப்போது வேண்டாம், பக்கத்தில் வையுங்கள். அதற்கும் நேரம் வரும்.

நம் தகடூர் மாற்றுத்திறனாளிகள் பயணச் சங்கத்தின் கேரவன் நாளைக் காலை தன் இரண்டாம் பயணத்தைத் தொடங்குகிறது. அதை வாழ்த்திப் பேச என்னை அழைத்தார்கள். வாழ்த்த வந்தவள் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். பொறுமையோடு கேளுங்கள்.

கேரவன் என்றால் நமக்கு என்ன தெரியும்? சினிமாக்காரர் உட்காரும் வண்டி என்று தெரியும். நம் வண்டி முதல்முறை காரிமங்கலம் சந்தை ஓரமாக நின்றபோது கூட்டம் கூடிவிட்டது. "உள்ள யாருங்க, ஈரோவா ஈரோயினா?" என்று கேட்டார்கள். பின்கதவு திறந்தது, லிஃப்ட் மெல்ல இறங்கியது, அதில் என் நாற்காலியும் நானும் இறங்கினோம். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அன்று நானும் சிரித்தேன். படியில்லாத வாசல், நாற்காலியைத் தரையோடு பூட்டிக்கொள்ளும் கொக்கி, நாற்காலியின் உயரத்துக்கே கட்டில், எல்லாவற்றுக்கும் மேலாக, நாற்காலியோடு நுழையக்கூடிய ஒரு கழிப்பறை. இழுத்தால் நகரும் கதவு, பிடித்துக்கொள்ளக் கம்பி, அடியில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தோம்.

முதல் பயணம் நாகர்கோவிலுக்கு. ஆறு பெண்கள் போனோம். ஏன் நாகர்கோவில்? குள்ளம்மாளுக்காக. அரூர்ப் பக்கத்தவள். சிறுவயதிலேயே இரண்டு கால்களும் இளம்பிள்ளை வாதத்தில் போயின. கணவனும் போனபிறகு, உட்கார்ந்த இடத்திலேயே புளி தட்டிக் கொட்டை எடுத்து, அந்தக் கூலியில் ஒற்றை மகள் எழிலரசியை நாகர்கோவிலில் நர்சிங் படிக்க வைத்தவள். அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. படிப்பு முடிந்த பிள்ளையின் சட்டையில் செவிலியர் பேட்ஜைப் பெற்ற தாய்தான் குத்த வேண்டும். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட மகள் படிக்கும் இடத்தைக் கண்ணால் காணாத தாய் அவள். விழா மறுநாள் காலை பதினொரு மணிக்கு. மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு வண்டி ஏறினாள். அதில் அவள் அந்த விழாவுக்கென்றே எடுத்த புதுச் சேலை இருந்தது.

வண்டி ஓட்டியவர் கிருஷ்ணப்பன். எல்லையோரத்துக்காரர், வீட்டில் கன்னடம், ரோட்டில் தமிழ், பத்து வருடம் லாரி ஓட்டியவர். சித்திரை வெயில். சேலம் தாண்டினோம், நாமக்கல் தாண்டினோம், கரூர் தாண்டி ஒரு மரநிழலில் நிறுத்தினோம். கிருஷ்ணப்பன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என் ஜன்னலோரம் நின்றார்.

"டீச்சர், தொட்டி மீட்டரு கெட்டுப்போச்சுங்க. காலைல ரொப்புன தண்ணி ரொப்புன மாதிரியே காட்டுது."

மீட்டர் கெடவில்லை, அன்பர்களே. மீட்டர் மெய்யைத்தான் சொன்னது. ஆறு மணி நேரமாக ஆறு பெண்களில் ஒருத்தியும் அந்தக் கதவை இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை? ஒருத்தியும் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் குடிக்கவில்லை? தாய்மார்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பயணம் என்றால் முதல் நாள் மாலையோடு தண்ணீரை நிறுத்திவிட வேண்டும் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் சொல்லவில்லை. பேருந்து நிலையங்கள் சொல்லிக் கொடுத்தன. மருத்துவமனைகள் சொல்லிக் கொடுத்தன. அலுவலகங்கள் சொல்லிக் கொடுத்தன. வாயைக் கட்டினால்தான் வெளியே போகலாம் என்று நம் உடம்புக்கு நாமே உத்தரவு போட்டு வைத்திருக்கிறோம். கழிப்பறையையே கூட்டிக்கொண்டு போகும் வண்டியில் ஏறியும் அந்த உத்தரவை நாங்கள் மீறவில்லை.

இனி என் குற்றம். கிருஷ்ணப்பன் சொன்ன அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. நான் வாய் திறந்திருக்கலாம். "பெண்களே, குடியுங்கள்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் வாய் ஓயாமல் பேசியவள் அன்று வாய் மூடி இருந்தேன். சொன்னால் நானும் குடிக்க வேண்டுமே. குடித்தால் அத்தனை பேர் காதுபட அந்தக் கதவை இழுக்க வேண்டுமே. வெட்கப்பட்டேன். "ஊருக்குப் போய் மெக்கானிக்கிட்ட காட்டுங்க" என்று அவரிடம் சொன்னேன். பொய் சொன்னேன், நண்பர்களே.

அன்று மதுரைக்கு வெளியே தங்கினோம், அங்கும் எல்லாரும் நாக்கை நனைத்ததோடு சரி. மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். குள்ளம்மாள் புதுச் சேலை உடுத்திக்கொண்டாள். விருதுநகர் தாண்டியதும் அவள் கண்கள் செருகின, தலை என் தோளில் சாய்ந்தது, கை சில்லிட்டிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. வழியில் தென்பட்ட ஒரு மருத்துவமனைக்குக் கிருஷ்ணப்பன் வண்டியைத் திருப்பினார்.

மருத்துவர் ஒரு பெண். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், உடனே டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார். என் பக்கம் திரும்பி, "உடம்புல சொட்டுத் தண்ணி இல்ல. இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா கிட்னி நின்னிருக்கும். உங்க வண்டியில டாய்லெட் இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க" என்றேன்.

"அப்புறம் ஏன்?"

தலை குனிந்தேன்.

மணி பதினொன்று ஆனது. குள்ளம்மாள் கண் விழித்ததும் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தாள். அழவில்லை. அருகே நின்ற கிருஷ்ணப்பனைக் காட்டி மெல்ல என்னிடம் சொன்னாள். "அந்த ரூமு அவ்வளவு சுத்தமா இருந்துச்சுங்க டீச்சர். நாம போனா பின்னால அவருதானே அத்தக் கழுவணும்? ஒரு ஆம்பள கையால கழுவ விடலாமுங்களா?"

கிருஷ்ணப்பன் காதில் அது விழுந்துவிட்டது. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அக்கா, அது என் வண்டிங்க. என் வண்டிய நான் கழுவறேன். நீங்க உசுரோட ஊரு வந்து சேரணும், அது போதும்." சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அந்த மனிதர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

இரண்டு மணிக்கு விட்டார்கள். நாகர்கோவில் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை. விழா முடிந்திருந்தது. பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் பேட்ஜ் குத்திப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரே ஒரு பெண் வெள்ளைச் சீருடையில் வாசலில் நின்றாள். மார்பில் பேட்ஜ் இல்லை, அது கையில் இருந்தது. பெயர் கூப்பிட்டபோது, "எங்கம்மா வந்துட்டிருக்காங்க, அவங்கதான் குத்துவாங்க" என்று சொல்லி மேடையிலிருந்து இறங்கிவிட்டாளாம்.

எழிலரசி வண்டிக்குள் ஏறினாள். தாய் கையை நீட்டினாள். மகள் பேட்ஜைத் தரவில்லை. ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரைத் தந்தாள்.

"மொதல்ல இத குடிம்மா. அப்பறம் குத்தலாம்."

"குடிச்சா ஒன்னுக்கு வருமேடி."

"வரட்டும். அதுக்குத்தானே ரூமு இருக்குது. நா கதவாண்ட நிக்கறேன்."

குள்ளம்மாள் குடித்தாள். முழுத் தம்ளரையும் குடித்தாள். அவள் குடிப்பதைப் பார்த்து அடுத்தவள் கை நீட்டினாள், அதற்கடுத்தவள் கை நீட்டினாள், ஐந்து பேரும் குடித்தார்கள், ஆறாவதாக நான் குடித்தேன். பிறகு அந்தக் கதவு ஆறு முறை நகர்ந்தது. அதற்கும் பிறகுதான் தாய் தன் மகளின் சட்டையில் பேட்ஜைக் குத்தினாள். கைதட்ட மேடையில்லை, படமெடுக்க ஆளில்லை. நாங்கள் ஐந்து பேர் தட்டினோம். திரும்பி வரும் வழியில் கிருஷ்ணப்பன் இரண்டுமுறை தொட்டியை நிரப்பினார்.

அவையோரே, சக்கரம் வைத்துவிட்டோம், லிஃப்ட் வைத்துவிட்டோம், இனி உலகம் எங்களுக்குத் திறந்துவிட்டது என்று பேசி முடித்துப் பூங்கொத்து வாங்கிக்கொண்டு நான் போயிருக்கலாம். ஆனால் இரும்பில் செய்த வண்டி மட்டும் போதுமா? நெஞ்சில் நிற்கும் படிகளை யார் இடிப்பது? தாகத்தை அடக்குவதா நம் ஒழுக்கம்? வறண்ட நாவா நம் மானம்? ஊருக்குத் தொல்லை தராமல் உயிர் வாடுவதா நமக்கு விதித்த நாகரிகம்? இல்லை. உண்பதும் உடம்பு, உழைப்பதும் உடம்பு, ஒதுங்குவதும் அதே உடம்பு. அதற்கு இடம் கேட்பது உரிமை. அந்த இடத்தைப் பயன்படுத்துவதும் உரிமை.

ஒன்றை மறைத்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மண்டபத்துக் கழிப்பறை கொல்லைப்புறம் இருக்கிறது. அதற்கு மூன்று படிகள். அழைப்பிதழ் வந்த அன்றே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நேற்று மாலையிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. ஆம், இத்தனையும் கண்ட பிறகு, இத்தனையும் பட்ட பிறகு, இன்று உங்கள் முன்னால் அமர்ந்து கொதிக்கும் இதே லூர்துமேரிதான் குடிக்காமல் வந்தேன். நாற்பது வருடத்துப் பழக்கம் ஒரே பயணத்தில் போய்விடுமா? முன்வரிசையில் நாளை புறப்படும் ஆறு பேரும் இருக்கிறீர்கள். உங்களில் யார் காலையிலிருந்து குடித்தீர்கள்? கை தூக்குங்கள்.

ஒரு கைகூட எழவில்லை. மேடையில் இருக்கும் பெரியவர்களே, பார்த்துக்கொள்ளுங்கள். நாளைய பயணத்துக்கு நீங்கள் ஆட்ட வேண்டியது கொடி அல்ல. இந்த ஆறு பேர் கையிலும் இப்போதே ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் கொடுங்கள்.

அம்மா, அந்தப் பாட்டிலைக் கொடுங்கள். இதோ, எல்லாரும் பார்க்கத்தான் குடிக்கிறேன்.

குடித்துவிட்டேன், முழுவதும். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்த இந்த அவைக்கும், படியிறங்கி என் பக்கத்தில் வந்து நிற்கும் தலைவர் தீர்த்தகிரி அவர்களுக்கும், வாசலில் லிஃப்ட்டை இறக்கியே வைத்துக் காத்திருக்கும் கிருஷ்ணப்பனுக்கும் என் நன்றி, என் வணக்கம். நடுவே கொஞ்சம் வழி விடுங்கள், நான் வண்டிக்குப் போக வேண்டும்.