பதினேழாம் நம்பர் மனை

துரைராசு: …அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம் பாய். மூக்குக்கண்ணாடிய எடுத்து மாட்டு. இந்த மனுவுல அப்துல் ஜலீல்னு முழுப் பேரா ஒரு கையெழுத்து. பதினோரு மணிக்கு கிராம சபை, இப்பவே பத்தாயிடுச்சு.

ஜலீல்: கடையத் தொறந்து மொத யாவாரமே கையெழுத்தா? ஏதாவது வாங்கு ராசு. அரை கிலோ பயறாவது வாங்கு.

துரைராசு: நாப்பது வருசமா உன் கூடப் பழகுறதே நஷ்டம். இதுல பயறு வேறயா?

ஜலீல்: சரி, இதுவரைக்கும் எத்தன பேரு போட்டிருக்காங்க?

துரைராசு: …மூணு.

ஜலீல்: ஊரே உன் பின்னால நிக்குதுன்னு சொன்ன?

துரைராசு: நிக்குது. பேனாவ நீட்டுனா கொஞ்சம் தள்ளி நிக்குது.

ஜலீல்: ஜெயபாரதி டீச்சரு?

துரைராசு: வயலெல்லாம் மனையாப் போனா நாளைக்கு எதத் திம்போம்னு அரை மணி நேரம் பேசுனாங்க. கேக்குற எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. பேனாவக் குடுத்தேன். பால் பொங்குதுன்னு உள்ள போனாங்க… போனவங்கதான்.

ஜலீல்: அனுராதா?

துரைராசு: அது நேராவே கேட்டுடுச்சு. "வயலு ஒங்களுது. நாங்க ஒரே வீட்டுல ஒம்பது பேரு படுக்குறோம். ஊருக்குள்ள மனை வருதுன்னா நாங்க ஏன் வேணாங்கணும்?"னுச்சு.

ஜலீல்: நீ என்ன சொன்ன?

துரைராசு: குடிக்கத் தண்ணி கேட்டேன்.

ஜலீல்: அது கேட்டதுல என்ன தப்பு ராசு? மனை போட்டு நகர் வந்தா ரோடு வரும், லைட்டு வரும்…

துரைராசு: வரட்டும்! நான் லைட்டையா வேணாங்கறேன்? மனை போடறவன் ரோட்டோர வயலப் பூரா வளைச்சுக் கொடி நட்டுட்டான். அதுக்குள்ள ஓடுற வடிவாய்க்கால மண்ணு கொட்டித் தூத்துட்டான்னா, பின்னால கெடக்குற என் ஒண்ணரை ஏக்கர் தண்ணி எங்க போயி வடியும்? ஐப்பசி அடமழையில நாலு நாள் தண்ணி கட்டி நின்னா சம்பா பூரா அழுகிடும். அப்பறம் நான் மீன்தான் வளக்கணும்.

ஜலீல்: மீனுக்கு இப்ப நல்ல கிராக்கி.

துரைராசு: பாய்!

ஜலீல்: சும்மா சொன்னேன்ப்பா.

துரைராசு: அந்த வாய்க்கால்ல வடியறது என் நிலமும் உன் ரெண்டு மா நிலமுந்தான். நீ போடலன்னா இது துரைராசுவோட சொந்தப் பகைன்னு மனுவ மடிச்சு வெச்சுடுவாங்க.

ஜலீல்: போடலன்னு யாரு சொன்னா?

துரைராசு: போடறேன்னு யாரு சொன்னா?

ஜலீல்: இந்தப் பேனா எழுதாது போலருக்கே…

துரைராசு: என்கிட்ட மூணு பேனா இருக்கு. ரெண்டு நாள் ஊரச் சுத்துன அனுபவம்.

கமருன்னிஸா: வாங்கண்ணே! உள்ள சமையக்கட்டுல இருந்தேன், கொரல் கேட்டுச்சு. டீ போடவா?

துரைராசு: போடும்மா கமரு. உன் வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு? மஸ்கட்டுல இருபத்தாறு வருசம் நீட்டுன காகிதத்துல எல்லாம் கையெழுத்து போட்ட மனுசன்…

ஜலீல்: அதெல்லாம் அரபியில இருந்துச்சு. ஒண்ணும் புரியாது, தைரியமா போட்டேன். இது தமிழ்ல இருக்கு.

கமருன்னிஸா: அவருக்கு தஹ்மீனா கலியாணக் கவல அண்ணே. எங்க தெரு வழக்கம் ஒங்களுக்குத் தெரியாததா? பொண்ணுக்குன்னு ஒரு வீடு குடுத்தாத்தான் மாப்புள்ள வந்து குடியிருப்பாரு. இருந்த வீட்ட மூத்தவ மெஹராஜுக்கு எழுதியாச்சு.

ஜலீல்: ஆமா. நானே இப்ப மக வீட்டுல ஒண்டியிருக்கேன். மருமவன் கொஞ்சம் சத்தமா தும்முனாக்கூட, நம்மளக் கெளம்பச் சொல்றாரோன்னு இருக்கு.

கமருன்னிஸா: தெருவுல ஒரு சாண் எடம் காலி இல்ல. வயல்ல கட்டலாம்னா உள்ள போக வழி கெடையாது. சின்னவ பாவம், எத்தன நாளைக்குக் காத்துக் கெடப்பா? அதான் அந்த பதினேழாம் நம்பரு…

ஜலீல்: கமரு! பால் பொங்குது!

கமருன்னிஸா: அடுப்பே இன்னும் பத்த வைக்கலியே.

துரைராசு: …பதினேழாம் நம்பரா?

ஜலீல்: அது… ஒரு கூப்பன் நம்பரு.

துரைராசு: பாய்.

ஜலீல்: கூப்பன்தான் ராசு… ரேசன் கூப்பன்.

துரைராசு: மூஞ்சியப் பாத்து சொல்லு.

ஜலீல்: போன மாசம் போயி அந்த மனைய எழுதி வெச்சுட்டேன் ராசு. உன்கிட்ட சொல்லலாம்னு எத்தன தடவ வாயத் தொறந்தேன்… நேத்து நீ மனுவோட எதிர்ல வர்ற, நான் சைக்கிளத் திருப்பி பள்ளிவாசத் தெருவுல விட்டுட்டேன். அந்த நேரத்துக்கு அங்க தொழுகையும் இல்ல, ஒண்ணும் இல்ல.

துரைராசு: பதினேழு வேணாம் பாய்.

ஜலீல்: உனக்குக் கோவம் வரும்னு தெரியும்…

துரைராசு: கோவம் இல்லய்யா. எடத்தப் போயிப் பாத்தியா?

ஜலீல்: பாத்தேனே. இந்த வெயில்ல நானும் இவளும் போயி நின்னு பாத்தோம். ஆடு மேயுது. மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. அடுப்படி இங்கதான்னு இவ காலால கோடே கிழிச்சுட்டா.

கமருன்னிஸா: கெழக்கப் பாத்து.

துரைராசு: தண்ணி நின்னு காஞ்ச மண்ணுதாம்மா அப்படி வெடிக்கும். இவரு அடமழையப் பாத்து இருபத்தாறு வருசம் ஆச்சு, போன தையிலதான் வந்து சேந்தாரு. நீ வயப்பக்கம் வந்தவளே கெடையாது. யாரைக் குத்தம் சொல்ல? பதினேழு கிழக்கு வரிசையில கடைசி மனை. ரோட்டுப் பாலத்துக்கு முன்னால, வடிவாய்க்கா வந்து விரியிற பள்ளம் அதுதான். நீ கோடு கிழிச்ச அடுப்படியில ஐப்பசிக்கு இடுப்பளவு தண்ணி நிக்கும்.

கமருன்னிஸா: அல்லாவே… எம் மக வீட்டுலயா?

ஜலீல்: மண்ணு கொட்டி ஒசத்தித் தர்றேன்னு சொன்னானே.

துரைராசு: ஒசத்துவான். அந்தத் தண்ணி பின்னால வந்து என் வயல்ல ஏறும். உன் ரெண்டு மாவும் சேந்து முங்கும்.

ஜலீல்: அப்ப இந்த மனு ஜெயிச்சா எம் மக மனை போச்சு. தோத்தா உன் வயலு போச்சு.

துரைராசு: …ஆமா.

ஜலீல்: இத நீ கொஞ்சம் கொழப்பமா எழுதியிருக்கக் கூடாதா?

துரைராசு: யோசிச்சுப் போடு பாய். போடாட்டியும் சரி, நான் வெளியில ஒரு வார்த்த பேச மாட்டேன். தஹ்மீனா என் கண்ணு முன்னால வளந்த புள்ள.

ஜலீல்: கமரு… நீ என்ன சொல்ற?

கமருன்னிஸா: என்னைய ஏன் பாக்குறீங்க? நீங்க அங்க இருந்த அத்தன வருசமும் நம்ம வயலு நெல்ல ஒரு மூட்ட கொறையாம கொண்டாந்து எறக்குனவரு இந்த அண்ணன். ஒரு வருசம் அவரு வயல்ல பூச்சி விழுந்து ஒண்ணும் மிஞ்சல, அப்பவும் நம்ம மூட்ட வந்துச்சு. ஒங்களுக்குத் தெரியாது, சொல்லக் கூடாதுன்னாரு. போடுங்க.

துரைராசு: இத இப்ப எதுக்கும்மா…

ஜலீல்: குடு அந்தப் பேனாவ. எங்க, இங்கயா? …இந்தா. தேதியும் போட்டாச்சு.

துரைராசு: பாய்…

ஜலீல்: அழுவாத. கடைக்கு ஆள் வர்ற நேரம்.

துரைராசு: நான் எங்க அழுவுறேன்? மொளகா மூட்ட மேல உக்கார வெச்சுட்டு…

ஜலீல்: அது உளுந்து. சரி, ஒண்ணு கேக்கணும்.

துரைராசு: கேளு, என்ன வேணா கேளு.

ஜலீல்: இவ நம்பர் சொன்ன ஒடனே கிழக்கு வரிசை, கடைசி மனைன்னு கடகடன்னு சொல்ற. அங்க கொடிதான் நட்டிருக்கான், நம்பர் கல்லு இன்னும் நடல. எனக்கே வரைபடத்தப் பிரிச்சுப் பாத்தாத்தான் வெளங்குது. அதையும் மனை எழுதி வெச்சவனுக்குத்தான் குடுக்குறான். நகரே வேணாம்னு ரெண்டு நாளா ஊர் சுத்துற ஆளுக்கு அதெப்படி மனப்பாடம் ஆச்சு?

துரைராசு: அது… பொதுவா… மணி ஆயிடுச்சே, கெளம்பறேன்.

கமருன்னிஸா: உக்காருங்கண்ணே. இப்பதான் அடுப்புப் பத்த வெச்சிருக்கேன்.

துரைராசு: …மொத மொதல்ல மனை எழுதி வெச்சவனே நான்தான் பாய். நாலாம் நம்பரு, நல்ல மேடு, எந்த மழைக்கும் தண்ணி ஏறாது. வாசல்ல காரு வந்து நிக்கிற மாதிரி வீடு இருந்தாத்தான் புள்ளைங்கள அழைச்சுக்கிட்டு வருவேன்னு எம் மவன் செந்தில்குமாரு சொன்னான், நானும் மயங்கிட்டேன்… வீட்டுல மங்களத்துக்கே இன்னும் தெரியாது. போவட்டும், அவன் காரு ரோட்டுலயே நிக்கட்டும். வாய்க்காலத் தூத்தாம நகர் போட்டாலும் நாலு மேட்டுல தப்பிச்சு நிக்கும்; அந்த மனைய தஹ்மீனா பேருக்கு மாத்திடலாம், நாளைக்கே ரெண்டு பேரும் போவோம். ஆனா பாய்… இன்னும் அரை மணியில நான் எந்திரிச்சு நின்னு நகர எதிர்த்துப் பேசப் போறேன். நீ முன் வரிசையில உக்காராத, என்னால சிரிப்ப அடக்க முடியாது.