அவ்ரோ என்று கூவியவர்

பெயர்: கனிசியஸ் ஸ்ரெல்லா. வயது: 34. வதிவிடம்: கடற்கரை ஒழுங்கை, கொழும்புத்துறை. சமயம்: றோமன் கத்தோலிக்கம். 1990 செப்ரெம்பரில் நடந்த என் கணவரின் மரணம் பற்றித் திடீர் மரண விசாரணை அதிகாரி முன் சத்தியம் செய்து கூறுவதாவது:

இறந்தவர் என் கணவர் கனிசியஸ். வள்ளங்களின் என்ஜின் திருத்துபவர். எங்கள் ஒழுங்கையில் வானில் சத்தம் கேட்டால், முதலில் கண்டவர் அதன் பெயரைக் கூவ வேண்டும். ஹெலி என்றால் சுவரோடு ஒண்டுவோம். பொம்மர் என்றால் குண்டு போடும், பங்கர்க் குழிக்குள் பாய்வோம். அவ்ரோ என்றால் பலாலி ஆமிக் காம்புக்குச் சாமான் ஏற்றிப் போகும் பிளேன், அடுப்பைக்கூட அணைக்க மாட்டோம். இந்த இங்கிலீசை எங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் படிப்பிக்கவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நான் மீன் கழுவிக்கொண்டிருக்கையில் சத்தம் கேட்டது. என் கணவர் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "அவ்ரோதான், வேலையைப் பாருங்கோ" என்று கூவினார். வந்ததும் அவ்ரோதான். அவர் பிழையாகச் சொல்லவில்லை. அதன் பின்னர் அதன் கதவடியிலிருந்து ஒரு பீப்பா உருண்டு விழுந்ததை என் கண்ணால் கண்டேன். அது வெடித்த பின்னர் எனக்குக் காது கேட்கவில்லை. புகை அடங்கியதும் ஓடிப் பார்த்தபோது அவர் வேலியடியில் இறந்து கிடந்தார். கையில் ஸ்பனர் இருந்தது.

அதன் பின்னர் செத்தவீட்டுக்குக் காலில் கட்டோடு வந்த அயல்வீட்டு லூர்த்தம்மா, "உன்ரை மனிசன் பொம்மர் எண்டு கத்தியிருந்தால் நான் ஓடியிருப்பன்" என்றார். அவரோடு எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒழுங்கை முழுவதும் இப்போது அதையே கதைக்கிறது.

உடலைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் தந்த துண்டில் 'பிளாஸ்ற் இஞ்சரி' என்று இருந்தது. அதற்கு என்ன கருத்தென்று விசாரணை ஐயாவிடம் கேட்டேன். வெடிப்பால் வந்த காயம் என்றார். வெடிக்க வைத்தது ஆர் என்று கேட்டேன். அதை எழுதப் பத்திரத்தில் இடமில்லை, வெடிவிபத்து என்று போட்டால் அலுவல் கெதியாக முடியும் என்றார். மரணச் சான்றிதழ் இல்லாமல் நிவாரண அட்டையை என் பெயருக்கு மாற்ற முடியாது என்பதையும் சொன்னார். எனக்கு எல்லாம் விளங்கியது.

"மேலையிருந்து உருட்டிவிட்டது விபத்தோ ஐயா? விபத்தெண்டு எழுதினால் ஊர் என்ரை மனிசனைத்தான் பிழை சொல்லும்" என்றேன்.

மேலே உள்ளவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. என் வாயால் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. முடிவில் ஐயா எழுதியிருக்கும் 'வெடிவிபத்து' என் சொல் அல்ல. அதை வெட்டினால் கையொப்பம் வைப்பேன்.

(சாட்சி கையொப்பமிடாமல் எழுந்து சென்றார். சான்றிதழ் வழங்கப்படவில்லை. — பதிவு செய்தவர்)