பழனியப்பன் குடும்ப உபயம்

நீங்கள் ரயிலில் வந்தது நல்லதாகப் போயிற்று, தம்பி. கிள்ளானில் கார் நிறுத்த இடம் தேடுவதற்குள் ஆளுக்கு வயதாகிவிடும். நிலையத்துக்குச் சற்று முன்னால் ஜன்னல் வழியாக எங்கள் சமூக மண்டபம் தெரிந்திருக்கும். கூரையில் ஆள் உயர மஞ்சள் எழுத்துகள்: பழனியப்பன் குடும்ப உபயம். பழனியப்பன் என் தகப்பனார். நான் மூத்த மகன் கமலநாதன். அந்தக் கூரை எப்படிச் சேதமானது என்று காப்புறுதி நிறுவனத்திலிருந்து கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். அவசரமில்லையே?

ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூரையைப் போட்டுக் கொடுத்தவன் நான். நீளமான தகடுகளின் ஓரங்களை மேல்நோக்கி மடித்து, அடுத்த தகட்டின் மடிப்போடு பூட்டியிருப்பார்கள். மேலே ஓர் ஆணித்தலைகூடத் தெரியாது. பெயரை விளம்பரத்துக்காக எழுதவில்லை. எழுதாவிட்டால் யார் கொடுத்தது என்று மக்கள் குழம்புவார்களே என்றுதான்.

சென்ற ஆண்டு மண்டபத் தலைவி புஷ்பவல்லி டீச்சர், ஏர்கான் போட மின்கட்டணம் கட்டுப்படியாகவில்லை, சோலார் பேனல் வைக்க வேண்டும் என்றார். கூரையின் ஒரு பக்கத்தில் அடுக்குமாடியின் நிழல் விழும். நல்ல வெயில் எழுத்துகள் இருக்கும் பக்கத்தில்தான். நான் பெயரைப் பற்றிப் பேசவில்லை, அது கௌரவமல்ல. துளை போட்டால் கூரை ஒழுகும் என்றேன்.

வேலையை எடுத்தவன் குகன், காலமான என் தம்பியின் மகன். சொந்தமாகக் கம்பெனி தொடங்கிய அவனுக்கு அதுதான் முதல் பெரிய வேலை. கூட்டத்துக்கு ஒரு கிளாம்ப்பைக் கையிலேயே கொண்டுவந்து காட்டினான்.

"பெரியப்பா, இது அந்த மடிப்ப ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிச்சுக்கும். பேனல இது மேலதான் மாட்டுவோம். ஒரு ஓட்டைகூட போட மாட்டேன் லா. என் பேச்ச நம்புங்க."

"அப்புறம் என்ன அண்ணே?" என்றார் டீச்சர். "உள்ள கல்யாணப் பொண்ணு வேர்த்து ஊத்துறா. ரயில்ல போறவங்க உங்க பேரைப் படிக்கணும்னு நாங்க விசிறிக்கிட்டே உக்காரணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் முரடனல்ல.

பேனல்கள் ஏறின. ஒரு துளையும் இல்லை. சுத்தமான வேலை, அதை மறுக்க மாட்டேன். எழுத்துகளில் கடைசி இரண்டு மட்டும் மிஞ்சின. பேத்தி ஷாமினி ரயிலிலிருந்து அழைத்தாள்.

"தாத்தா, கூரையில 'யம்'னு மட்டும் தெரியுது. நாம ஏதும் சாப்பாட்டுக் கடை திறந்துட்டோமா?"

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மண்டபம் பூட்டியிருந்தபோது, பின்பக்க ஏணியில் ஏறினேன். எழுபத்து மூன்று வயதில் அது சுலபமல்ல என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். பேனலுக்கு அடியில் கை நுழையும் அளவுதான் இடம். ஆகவே டிரில்லைச் சாய்த்துப் பிடித்துத் துளைத்தேன். கிளாம்ப்புகளை ஒட்டிப் பதினொரு துளைகள். ஒழுகும் என்று கூட்டத்தில் சொல்லியிருந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது எங்கள் குடும்ப வழக்கம்.

மூன்று வாரம் நல்ல மழை. தண்ணீர் சத்தமில்லாமல் சீலிங் பலகைகளில் ஊறியது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் உறவுக்காரப் பெண் புனிதாவின் கல்யாணம். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன், அதற்கு நேர் மேலே பலகை வயிறு தள்ளி நின்றது. எழுந்து பின்னால் நடந்தேன். எதிரே வந்தவள் குகனின் தாய் இராஜம்மா.

"மாமா, நீங்க உக்காரலையா?"

"அந்த நாற்காலியில நீ உக்காரும்மா" என்றேன்.

எச்சரித்திருந்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பாள். தாலி கட்டும் நேரத்தில் அப்படியொரு பேச்சு நன்றாக இருக்காது.

பலகை விழுந்தது. இடுப்பெலும்பு முறிந்தது. அவள் இன்னும் எழுந்து நடக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி மகனைத்தான் திட்டினாள். "பெரியப்பா அப்பவே சொன்னாங்களே, கேட்டியாடா?" நான்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன். ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன்.

துளைகளைக் கண்டுபிடித்ததும் கூடிய கூட்டத்தில் குகன், "நான் போடல, பெரியப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். "வாக்கு குடுத்தா காப்பாத்தணும்டா" என்றேன். அவன் பேனல்களைக் கழற்றினான், கம்பெனியை மூடினான். இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறான். எழுத்துகள் மறுபடி வெளியே வந்தன.

விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். போன வாரம் அந்த எழுத்துகளைப் பார்ப்பதற்காகவே ரயில் ஏறினேன். எதிரில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஜன்னலைக் காட்டினாள்.

"அந்தப் பேரைப் பாத்தீங்களா அக்கா? அந்தக் குடும்பத்துப் பையன்தான் லா கூரைய ஓட்டை போட்டானாம். பெத்த தாய் மேலயே விழுந்துச்சாம்."

"பேரை மட்டும் பெருசா எழுதத் தெரியுது."

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ரயிலில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் போகிறார்கள், யோசித்துப் பாருங்கள். இதை நான் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. குகன் ஒரு துளையும் போடவில்லை. பதினொன்றையும் போட்டவன் நான். பலகை விழும் என்று தெரிந்தே இராஜம்மாவை அதன் அடியில் உட்காரச் சொன்னவனும் நான். பழனியப்பனின் பேரன் சொன்ன சொல் தவறவில்லை என்பதை எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள். இனி எங்கள் குடும்பத்தின் பெயரில் ஒரு களங்கமும் இல்லை.