பூஜ்யத்தில் நின்ற முள்

நான் மீனை முள் உடையாமல் சாப்பிடுவேன். ஆலையின் உணவுக்கூடத்தில் தொகோனாமி அதைச் சொல்லித் தினமும் என்னைக் கேலி செய்வார். "குராமோச்சிசான் தின்ன மீனைத் திரும்பக் கடல்ல விட்டா நீந்திப் போயிடும்."

அவரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

டின்னில் அடைத்த கானாங்கெளுத்தியை நீராவியில் வேகவைக்கும் தொட்டி அவர் பொறுப்பு. அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு வந்ததும் அதை விரலால் சுட்டி, "பூஜ்யம், யோஷி" என்று உரக்கச் சொன்ன பிறகே மூடியைத் திறக்க வேண்டும். யோஷி என்றால் சரி. மார்ச்சில் அப்படிச் சொல்லித்தான் திறந்தார். நீராவி பீறிட்டு முன்கை வெந்தது.

விபத்துகளை ஆராய்வது என் வேலை. முதலில் ஐந்து முறை 'ஏன்' கேட்கும் வழியை எடுத்தேன். அழகான வழி, ஒவ்வொரு பதிலிலிருந்தும் அடுத்த ஏன் பிறக்கும். ஆனால் ஒற்றை நூல், நாம் இழுக்கும் பக்கமே வரும்.

"ஏன் தொறந்தே?" என்றார் பிரிவுத் தலைவர் நெசு.

"முள்ளு பூஜ்யத்துல நின்னுச்சு தலைவரே."

"அப்ப ஆவி எங்கேருந்து வந்துச்சு, உன் வாயிலேருந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். தொகோனாமி எழுந்து குனிந்தார். "நான்தான் சரியாப் பாக்கலை போல. மன்னிச்சிருங்க."

எங்களிடையே ஒருவர் குனிந்துவிட்டால் அதற்குமேல் ஏன் கேட்பது மரியாதையில்லை. 'கவனக்குறைவு' என்று எழுதினேன். தீர்வு: இனி இரண்டு முறை சுட்டிச் சொல்ல வேண்டும்.

மறுநாள் அதே விபத்துக்கு மீன்முள் படம் வரைந்தேன். விபத்துதான் தலை; ஆள், இயந்திரம், பொருள், முறை என்று ஒவ்வொன்றும் ஒரு முள். இதில் எதையும் தாண்டிப் போக முடியாது. இயந்திர முள்ளைப் பிடித்துக்கொண்டு போய், அழுத்தமானிக்குச் செல்லும் மெல்லிய குழாயைக் கழற்றினேன். உள்ளே சுண்ணாம்புப் படிவு. அது அடைத்துக்கொள்ளும் நாட்களில் தொட்டியில் அழுத்தம் இருந்தாலும் முள் பூஜ்யத்தைக் காட்டும். அவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

குழாயை இருந்தபடியே மாட்டினேன்.

இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுத் தலைமையகம் அறிக்கை கேட்டிருந்தது. குழாயைச் சுத்தம் செய்திருந்தால், முதல் முறை எதைத் தவறவிட்டது என்பதற்கு என் வாய்ச்சொல்தான் மிஞ்சியிருக்கும். அதே கோளாறு மறுபடி நடந்தால்தான் ஒப்பீடு நிற்கும். ஒன்பது வாரம் காத்திருந்தேன். மதியம் அவருக்கு எதிரேதான் சாப்பிட்டேன்.

"அந்த முள்ளு மேல எனக்கு இன்னும் சந்தேகம்தான்," என்றார் ஒருநாள். "நீங்க ஒரு தடவ பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றேன். பொய்யில்லை.

மே பன்னிரண்டாம் தேதி தூணருகே நின்று அவர் குரலைக் கேட்டேன். "பூஜ்யம், யோஷி. பூஜ்யம், யோஷி." தீர்வில் எழுதியபடி இரண்டு முறை. மூடி அவரை எதிர்ச்சுவர்வரை கொண்டுபோனது.

ஒப்பீட்டு அட்டவணையில் பிழை இருக்காது, சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். அந்த ஒன்பது வாரத்தில் யாராவது இப்படி ஒரு 'ஏன்' கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டேன். தொகோனாமி கேட்டதும் கேள்விதான். ஆனால் அது 'ஏன்' இல்லை.