மூன்றாம் தவணை

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஐயா. குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். போன வருஷத்திலிருந்து எங்கள் ஊரில் எல்லார் வீட்டுத் தேநீரும் இப்படித்தான் இனிக்கிறது. என் வீட்டில் மட்டும் சர்க்கரை கிடையாது. அந்தப் பணத்தை நான் தொட்டவனில்லை. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கிற தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்தபோது கூரையைத்தான் பார்த்தார்கள். புல் கூரையாக இருந்தால் போதும். வேலை செய்ய வேண்டாம், திருப்பித் தர வேண்டாம், மூன்று தவணையாகப் போனில் வந்து விழும் என்றார்கள். நீங்களே சொல்லுங்கள், சும்மா யாராவது கொடுப்பார்களா? என் அப்பாவுக்கு அவருடைய சொந்த அண்ணன் ஒரு காளையை இரவல் கொடுத்தார். அதற்கே எங்கள் நிலத்தில் ஒரு துண்டு போயிற்று.

ஏரிக்கரையில் படகுக்காரர்கள் காரணத்தைச் சொன்னார்கள். தண்ணீருக்கடியில் ஒரு பாம்பு இருக்கிறது, அது கக்குகிற பணம் இது, மூன்றாம் தவணை வந்ததும் அந்த வீட்டின் கடைக்குட்டியை எடுத்துக்கொள்ளும் என்றார்கள். நான் நம்பினேன். நம்பியதை ஒரு சாவு வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது எழுந்து நின்று சொன்னேன். என் பேச்சுக்கு அன்றைக்கு மதிப்பு இருந்தது. எங்கள் குலத்தில் மூத்த வீடு என்னுடையது. என் நிலத்தில் விதை விழுந்த பிறகுதான் இளையவர்கள் மண்ணில் கை வைப்பார்கள். கூரையும் அப்படித்தான். மூத்தவன் வேயாமல் இளையவன் வேய்ந்தால் குடும்பத்தில் யாராவது உருகிச் சாவார்கள் என்பது எங்களுக்குப் பழைய பயம்.

எல்லாரும் தலையாட்டினார்கள். மறுநாள் எல்லாரும் போய்ப் பெயர் கொடுத்தார்கள். என் தம்பி வசோங்காதான் முதல் ஆள். ஒளிக்கத் தெரியாதவன், நேராக என்னிடமே வந்து நின்றான்.

"அண்ணே, பேரு குடுத்துட்டேன். கோவிச்சுக்காத."

"கடைக்குட்டிய எடுத்துக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, காதுல விழலையா?"

"விழுந்துச்சுண்ணே. ஆனா பாம்புக்கு என் போன் நம்பர் எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் தோளில் உட்கார்ந்திருந்த அவீனோவும் எதற்கென்று தெரியாமலே சிரித்தாள். அவனுக்கு அவள் ஒரே பெண். பள்ளிக்கூடம் போகிற வயசு இன்னும் வரவில்லை.

முதல் தவணையில் அவன் ஒரு பசு வாங்கினான். அவன் மனைவி அபோண்டி பாலை விற்றாள். அந்தக் காசில் படகுகளிலிருந்து ஒமேனா என்கிற பொடி மீனை மொத்தமாக வாங்கி, வெயிலில் காயவைத்துச் சந்தையில் விற்றாள். வெறும் கீரையோடு சோளக்களி தின்ற வீட்டில் தினமும் மீன் வாசனை அடித்தது. ஒவ்வொரு காலையும் அவீனோ ஒரு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் நடந்து வருவாள். "பெரியப்பா, பாலு." பால் வேறு, பணம் வேறு. நான் குடித்தேன்.

பால் வர ஆரம்பித்த வாரமே யாருக்கும் சொல்லாமல் அந்தப் பணம் கொடுக்கிறவர்களின் அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் வந்தேன். சும்மா விசாரிக்கத்தான். இந்த ஊருக்குப் பதிவு முடிந்துவிட்டது, பெரியவரே, நாங்கள் வந்தபோது நீங்கள்தான் நாயை அவிழ்த்துவிட்டீர்கள் என்றாள் அங்கிருந்த பெண். மரியாதையாகத்தான் சொன்னாள். இதை எழுத வேண்டியதில்லை.

பிறகு அந்தப் பசு செத்தது. அதில் என் கை இல்லை. மழையில் நனைந்த கிழங்குக் கொடியை வயிறு முட்டத் தின்று, உப்பி விழுந்தது. ஆனால் அன்று சாயங்காலம் என் வாசலில் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். "ஒக்வேனோ, நீ அன்னைக்கே சொன்னே" என்றார்கள். என் பேச்சை மறுபடியும் கேட்டார்கள். அந்தச் சில வாரங்கள் நான் நிம்மதியாகத் தூங்கினேன், ஐயா. பசுவுக்கென்று வாங்கிய உண்ணி மருந்தில் பாதி பாட்டில் மீதியிருந்தது. குழந்தை கைக்கு எட்டக் கூடாது என்று வசோங்கா அதைக் கொண்டுவந்து என் குடிசையில் வைத்தான்.

இரண்டாம் தவணையில் தகரம் வாங்கினான். வண்டியைத் தன் வீட்டுக்கு விடாமல் என் வாசலில் நிறுத்தினான்.

"ஒன் வீட்டுக்குத்தான் மொதல்ல, அண்ணே. நீ வேயாம நான் எப்படி வேயறது?"

"பாம்பு கக்குன தகரம் என் தலைக்கு மேல வேணாம்."

என் மனைவி உகென்யாப் பக்கத்திலிருந்து வந்தவள். ஊரில் அவளுக்கு உகென்யாக்காரி என்றுதான் பெயர். அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்கிக்கோங்க. மழை பேஞ்சா நான்தான் சட்டியத் தூக்கிட்டு அலையுறேன், ஒங்க பாம்பா வந்து அலையுது?" என்றாள். நான் வாங்கவில்லை. வாங்கினால் நான் சொன்னது பொய் என்று நானே சொன்னதாகிவிடும். ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு சொல்லை ஒரு கூரைக்காக விழுங்க முடியுமா?

குலத்துப் பெரியவர்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வசோங்காவின் கூரையில் முதல் ஆணியை நான் அடித்தால் போதும், மூத்தவன் வேய்ந்ததாகவே கணக்கு என்றார்கள். ஏறினேன், அடித்தேன். கீழே கை தட்டினார்கள். அங்கிருந்து என் வீடு தெரிந்தது. கறுத்து, நடுவில் குழிந்து, மேலே களை முளைத்துக் கிடந்தது. அதுவரை என் கூரையை நான் மேலிருந்து பார்த்ததில்லை. அவமானமாக இருந்தது. அவன் மேல் எனக்குப் பொறாமை என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

எனக்கென்று வாங்கிய தகரத்தை வசோங்கா கடையில் திருப்பிக் கொடுத்து, கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு பெரிய தொட்டி வாங்கிக் கல் மேடை மேல் வைத்தான். குழாய்க்கு அடியில் குடம் நிற்க வேண்டும் என்று மேடையை உயர்த்தியே கட்டினான். ஏரிக்கு நடந்த பெண்களெல்லாம் அந்தக் குழாயடிக்கு வந்தார்கள். வந்து நின்றால் சும்மா இருப்பார்களா? என் வாசல் அவர்களுக்கு நேர் எதிரே இருக்கிறது.

"பெரியவரே, பாம்புத் தண்ணி ஒரு குடம் வேணுமா?"

"அட, அவரு பாம்புப் பாலே குடிச்சவரு. தண்ணியா ஒத்துக்காது?"

வெயில் காலம் வந்து தொட்டியில் தண்ணீர் அடிக்கு இறங்கியதும் இனி வீட்டுக்கு மட்டும்தான் என்று அபோண்டி நிறுத்திவிட்டாள். பெண்கள் மறுபடியும் ஏரிக்கு நடந்தார்கள். கேலி மட்டும் நிற்கவில்லை. மூன்றாம் தவணை வியாழக்கிழமை என்று செய்தி வந்ததும், "பாம்பு விருந்துக்கு வருமா, இல்ல பட்டினிதானா?" என்று போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போனார்கள். தேநீர்க் கடையில் பந்தயமே கட்டினார்கள். வியாழன் போய் வெள்ளி வந்து, அந்தக் குழந்தை சிரித்துக்கொண்டே நடந்து வந்திருந்தால் என் நிலைமை என்ன? அதன் பிறகு விதைப்புக்கு என்னிடம் யார் நாள் கேட்பார்கள்? ஒரு மனிதனுக்கு வயதான பின் மிஞ்சுவது அவன் சொல் மட்டும்தான்.

வியாழன் காலை வசோங்கா பணம் எடுக்க டவுனுக்குப் போனான். அபோண்டி மீன் எடுக்கக் கரைக்குக் கிளம்பினாள். உகென்யாக்காரி தோட்டத்தில் இருந்தாள். அபோண்டி வீட்டைப் பூட்டிவிட்டு அவீனோவை என்னிடம் விட்டாள். "பெரியப்பா கூடவே இருக்கணும். அவரத் தொந்தரவு பண்ணாத."

அவள் தொந்தரவு பண்ணவில்லை. நிழலில் உட்கார்ந்து கூழாங்கற்களை வைத்து வீடு கட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்த உண்ணி மருந்தைத் தொட்டியில் ஊற்றினேன். இன்னார் குடிக்க வேண்டும் என்று யாரையும் குறி வைக்கவில்லை. தொட்டி அந்தப் பணத்தில் வந்தது. மருந்தும் அந்தப் பணத்தில் வந்தது. என் கையைத் தவிர எல்லாமே அந்தப் பணம்தான். அப்படியிருக்க, எடுத்துக்கொண்டது யார் என்று நீங்கள் என்னைக் கேட்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

பிறகு குழாயை முழுக்கத் திறந்து தொட்டியைக் காலி செய்தேன். அபோண்டியும் தம்பியும் வந்து குடித்துவிடக் கூடாதே. நான் கொடுமைக்காரனில்லை என்பதற்கு இது ஒன்று போதாதா? அந்தச் சேற்றைக் கோழிகள் கிளறும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அவை அப்படி வரிசையாகச் செத்துக் கிடக்காவிட்டால் போலீஸிலிருந்து உங்களுக்கும் இவ்வளவு தூரம் அலைச்சல் இருந்திருக்காது.

வசோங்கா அவளுக்கு மஞ்சள் செருப்பு வாங்கிக்கொண்டு வந்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, என் முழங்காலில் தலையைச் சாய்த்து அழுதான். "நீ சொன்னியே அண்ணே. நான் சிரிச்சேனே." நான் அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். மூன்றாம் தவணை அவள் சவப்பெட்டிக்கும், வந்தவர்களின் சாப்பாட்டுக்கும் சரியாகப் போயிற்று. அபோண்டி அதன் பிறகு கரைப்பக்கமே போகவில்லை. சிலர் வரவிருந்த பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விதைப்புக்கு நாள் கேட்டு என் வாசலுக்கு வந்தார்கள். இந்த முறை நின்றுகொண்டே கேட்டார்கள், மரியாதையாக.

வீட்டுப் பானையில் அம்மா காய்ச்சி ஊற்றுகிற தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்காத குழந்தை அந்தத் தொட்டித் தண்ணீரை எப்படிக் குடித்தாள் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். வீடு பூட்டியிருந்தது, நல்ல வெயில். முன்பு பால் கொண்டுவந்து என் வீட்டிலேயே விட்டுப்போன அதே கோப்பையை எடுத்துக்கொண்டு, "பெரியப்பா, தண்ணி" என்று வந்தாள். மேடை உயரம் என்றேனே, குழாய் அவள் கைக்கு எட்டவில்லை. நான்தான் திறந்துவிட்டேன். தாகம் என்று வந்த குழந்தைக்கு இல்லையென்று சொல்ல யாருக்கு, ஐயா, மனசு வரும்?