பூட்டிய அலமாரி

இந்த ஸ்டேஷன் கோப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். இந்த ரேஷன் காலத்தில் கைதிக்கு யார் இவ்வளவு சர்க்கரை போடுவார்கள்? உங்களுக்கு நல்ல மனசு.

என் பெயர் எர்னஸ்ட். புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே, நீங்கள் ஜீப்பில் வந்த அதே ரப்பர் தோட்டத்தில், பதினோரு வருடமாக ஆஸ்பத்திரி டிரசர். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் ஊசி, கட்டு, பிரசவம் எல்லாம் நான்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளில் பாதி என் கையில் பிறந்தவை. இரண்டு பையன்களுக்கு எர்னஸ்ட் என்றே பெயர் வைத்தார்கள். அதில் ஒருவனின் அப்பா முனியாண்டி கோவில் பூசாரி.

வலிக்குப் போடும் மார்பினைப் பற்றிக் கேட்டீர்கள். அதைப் பேச எனக்குப் பிடிக்கும்.

உலக நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அபினிலிருந்து எடுக்கும் மருந்து எந்த நாட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். ஜெனீவாவில் ஒரு குழு அதைப் பார்க்கும். மலாயா எழுதும் எண்ணுக்குள் எங்கள் தோட்டத்து எண்ணும் இருக்கிறது. மற்ற டிரசர்மார் வருடத் தேவை பத்து, இருபது என்று போடுவார்கள். நான் எழுதியது: கையிருப்பு இருபத்துநான்கு ஆம்பியூல், அதாவது ஊசி மருந்துக் குப்பி, வருடத் தேவை ஒன்றுமில்லை. மூன்று வருடமாக அப்படியே. யோசித்துப் பாருங்கள். முள்வேலிக்குள் அரிசியை அளந்து வாங்குகிற சனம். அவர்களைப் பற்றி எங்கேயோ ஒரு பெரிய மனிதர் படித்துவிட்டு, பரவாயில்லையே என்று நினைப்பார்.

இந்த வருடம் கண்காணிப்பை இறுக்கினார்கள். வருடத்துக்கு ஒன்றாக இருந்த அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒன்றானது. மருந்து காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடுமோ என்ற பயம் வேறு. மற்றவர்கள் புலம்பினார்கள். எனக்குச் சந்தோஷம். பிறகு கடிதம் வந்தது. வியாழக்கிழமை ஒரு டாக்டர் வந்து பூட்டிய அலமாரியைப் பார்ப்பார், அவர் எழுதுவது ஜெனீவா வரை போகும். என் மனைவி மாடில்டா வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை சின்னத்தாயைத் தூக்கிவந்தார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். முப்பது வயது இருக்கும். அவள் வேலைக்குப் போன லோரியைக் காட்டிலிருந்து சுட்டதில் இடுப்பில் குண்டு பாய்ந்திருந்தது. ராணுவம் தேடுதலில் இறங்கி, கோலா சிலாங்கூர் ரோட்டை இரண்டு நாளைக்கு மூடிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வழியில்லை. ரத்தத்தை நிறுத்தினேன். அதை நன்றாகவே செய்தேன். அவள் பிழைத்திருப்பாள் என்று பின்னால் யாரோ சொன்னார்களாம். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அவள் புருஷன் செல்லன் கட்டிலை விட்டு நகரவில்லை.

"டிரசர் ஐயா, இவளுக்கு வலி தாங்கல. பெரிய ஊசி ஒண்ணு இருக்காமே, அதப் போடுங்கய்யா."

போட்டேன். ஊசி மருந்தில் கலக்கிற வெறும் தண்ணீர். அதுவும் ஆம்பியூலில்தான் வரும். சின்னத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மருந்து கேக்குதுங்கய்யா," என்றாள். "ஒங்க கைக்கு மோதிரம்தான் போடணும்."

"அவ காதுல கெடக்கிறதே பித்தளை," என்றான் செல்லன். அவள் சிரித்தாள்.

ஒரு மணி நேரம் கேட்டது. நம்பிக்கையும் ஒரு மருந்துதான். அதற்குப் பிறகு கேட்கவில்லை. இரண்டு நாளில் பதினோரு முறை தண்ணீர் போட்டேன்.

ஆஸ்பத்திரி ஆயா நாகமணிக்கு எழுத்து தெரியாது. ஆனால் எந்த மருந்து எந்தப் பெட்டியிலிருந்து வரும் என்று தெரியும்.

"பூட்டி வெச்சிருக்கீங்களே, அது யாருக்குங்கய்யா?"

"தேவையில்லேன்னு எழுதிக் குடுத்தாச்சு நாகமணி. ஜெனீவாவுல பாப்பாங்க."

"குண்டு ஜெனீவாக்காரனுக்கா பாஞ்சிருக்கு?"

வாய்த்துடுக்கு. ஆனால் வேலையில் கெட்டி. அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். உலகத்துக்கு எழுதிக் கொடுத்தது வாக்கு. ஓர் ஆம்பியூலை உடைத்தால் மூன்று வருட வாக்கும் உடைந்துபோகும்.

வியாழன் காலை ரோடு திறந்தது. அம்புலன்ஸ் மதியம் வருவதாக இருந்தது. ஒன்பது மணிக்கே அலமாரியைப் பார்க்க வரும் டாக்டரின் கார் கேட்டில் வந்து நின்றது. காவலர்கள் சோதித்து உள்ளே விடப் பத்து நிமிடம் ஆகும். சின்னத்தாய் அலறிக்கொண்டிருந்தாள். தொண்டை கட்டியிருந்தது, ஆனாலும் அலமாரி அறை வரைக்கும் கேட்கும். டாக்டர் காதில் விழுந்தால், வலிக்கு என்ன கொடுத்தாய் என்பார். செல்லனை ரேஷன் வாங்க அனுப்பினேன். நாகமணியை டாக்டரின் பெட்டியைத் தூக்கிவரச் சொன்னேன்.

தலையணையை உருவினேன். அவளும் தலையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தாள். பாவம், சரிசெய்யப் போகிறேன் என்று நினைத்தாள். நான் எதிர்பார்த்ததைவிட நேரம் எடுத்தது. அவள் பிடித்ததில் சட்டை மடிப்பு கலைந்துவிட்டது. மேலே கோட்டு போட்டுக்கொண்டேன்.

டாக்டர் இளவயசு ஆங்கிலேயர். நல்ல மாதிரி. இருபத்துநான்கையும் எண்ணினார். துணி மூடிய கட்டிலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். குண்டுக் காயம், இப்போதுதான் போனாள் என்றேன். வலிக்கு என்ன கொடுத்தீர்கள் என்றார். தேவைப்படவில்லை என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். வருடத் தேவை என்பது ஓர் உத்தேசம்தான். கூடினால் ஒரு கடிதம் போதும். நாடுகளே ஜெனீவாவுக்கு அப்படித் திருத்தி எழுதுகின்றன. மருந்து திருட்டுப் போகாமல் பார்ப்பது பாதி வேலை, நோயாளிக்குக் கிடைக்கச் செய்வது மீதிப் பாதி என்றார். மூன்று வருடம் ஒன்றுகூடச் செலவாகாததால்தான் இந்தத் தோட்டத்துக்கு வந்தாராம். சந்தேகப்பட்டு.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. படிவத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

நாகமணி முந்தானை முடிச்சை அவிழ்த்து, காலித் தண்ணீர் ஆம்பியூல்களை மேசையில் கொட்டினாள். டாக்டர் போய் முகத்துத் துணியை விலக்கினார். மூச்சு முட்டிச் செத்த முகம் அவருக்குத் தெரியும். மற்றது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் வாசித்துக் காட்டிய வாக்குமூலம் சரியாக இருக்கிறது. தலையணையை அழுத்தியது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள், நாகமணி சொன்னதை. சின்னத்தாயைக் கடைசிவரை வலியிலேயே விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நியாயமில்லை, இன்ஸ்பெக்டர். அந்த வலியை நிறுத்தியவன் நான்தானே.